குழி சிறிது, வழி நெடிது

ஈழத்துச் சைவப் பெருமக்கள் போற்றி வணங்கும் ஐந்து ஈஸ்வரங்களுள் முன்னேஸ்வரமும் ஒன்றாகும். சிலாபம் நகருக்குக் கிழக்கே, தென்னஞ் சோலைகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே இத்தலம் அமைந்துள்ளது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டையரசன் ஆறாம் பராக்கிரமபாகு இக்கோயிலுக்கு நிலமானியம் வழங்கினான். 1578இல் போர்த்துக்கேயர் இதனை இடித்தனர். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் மீண்டும் எடுப்பித்தான். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து நேர்த்திக்கடன் செலுத்தும் தலங்களுள் இது முதன்மையானது. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நான்கு வாரங்கள் நிகழும் பெருந்திருவிழா, தெதுரு ஓயாவில் சுவாமி தீர்த்தமாடுவதுடன் நிறைவெய்துகின்றது.

கோயிலும் ஆறும் இவ்வூருக்குப் பெருமை தந்தன. இவ்விரண்டிற்கும் நடுவே கிடப்பது வீதி. அதற்குத் தலபுராணம் இல்லை; திருவிழாவும் இல்லை. அடியார்கள் நடந்து வருவதும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், தேங்காயும் நெல்லும் சந்தைக்குப் போவதும், நோயாளியைச் சிலாபம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அதன்மீதுதான். அவ்வீதியின் மீதே ஆற்று மணலும் செல்கின்றது. தெதுரு ஓயாவின் கீழ்ப்பகுதியில் மணல் அகழ்வு நெடுங்காலமாக நடைபெற்று வருவதை நாடறியும். அகழும் இடம் ஒவ்வொன்றும் சிறியதே. ஆயினும் அச்சிறு துறை, தன்னருகே செல்லும் பொதுவீதிக்குச் செய்வது என்ன என்பதை முறையாக அளந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. அவ்வாறு அளப்பது இயலுமா, இயலுமாயின் எப்படி, அளந்த பின் யாரிடம் கணக்குக் கேட்பது என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு தரும் செல்வம்

தெதுரு ஓயா மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தோன்றி, குருநாகல் மாவட்டத்தை ஊடறுத்து, ஏறத்தாழ 142 கிலோ மீற்றர் ஓடி, சிலாபத்திற்குச் சற்று வடக்கே கடலுடன் கலக்கின்றது. மலைப்பாறைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, உருண்டு, அரைபட்டு மணலாக இறங்கி வருகின்றன. ஆறு சமவெளியை அடைந்ததும் வேகந் தணிந்து அம்மணலைப் படியவிடுகின்றது. ஆகவே கடலை அண்டிய கீழ்ப்பகுதியில் கட்டிட வேலைக்கு ஏற்ற நல்ல மணல் கிடைக்கின்றது.

மணல் இன்றி வீடு இல்லை, பாலம் இல்லை, பாடசாலை இல்லை, ஏன், வீதியே இல்லை. உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5,000 கோடித் தொன் மணலும் சரளையும் பயன்படுத்தப்படுகின்றன என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நீருக்கு அடுத்தபடியாக மனிதர் மிகுதியாக எடுத்துப் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் இதுவே. நம் நாட்டில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இடிந்தவற்றை மீளக் கட்ட வேண்டிய தேவையும், மேல்மாகாண நகரங்களின் வளர்ச்சியும் ஆறுகளின் மீது பெரும் சுமையை ஏற்றின. மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் கொழும்புக்கு வடக்கே எளிதில் எட்டக்கூடிய தொலைவில் இருந்தமையால், அச்சுமையின் பெரும் பங்கு இவற்றின் தலையில் விழுந்தது.

இத்தொழிலில் ஈடுபடுவோர் அனைவரும் பெருஞ் செல்வர் அல்லர். கழுத்தளவு நீரில் நின்று வாளியால் மணல் அள்ளுவோரும், தோணியில் ஏற்றிக் கரை சேர்ப்போரும், மண்வெட்டியால் லொறியில் ஏற்றுவோரும் அன்றாடக் கூலிக்காரரே. அவர்களுடைய அடுப்பு எரிவது இந்த மணலால்தான். இவ்வுண்மையை மறந்துவிட்டு எழுதப்படும் எந்த மதிப்பீடும் நீதியானதாக இராது.

சட்டம் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றே எவரும் மணல் அகழ வேண்டும். பெருந்திட்டங்களாயின், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்படல் வேண்டும். மேற்பரப்பு அகழ்வைப் பொறுத்தவரை, மொத்தப் பரப்பு 10 ஹெக்டேயரைக் கடந்தால் அது பெருந்திட்டமாகக் கொள்ளப்படும். நம் ஆற்றோரத் துறைகளோ அதில் ஒரு சிறு கூறளவே பரப்புடையவை. எனவே அவை அவ்வளவுகோலுக்குள் நுழைந்து வெளியேறிவிடுகின்றன. வலையின் கண்ணிகளைவிடச் சிறிய மீன்களைப் போல.

இங்குதான் நம் கணக்கின் முதற் குறை தென்படுகின்றது. குழியின் நீள அகல ஆழங்களை அளக்கின்றோம். அக்குழியிலிருந்து புறப்பட்ட மணல் பெருந்தெருவைச் சேரும் வரை கடக்கும் இரண்டு, மூன்று மைல் கிராம வீதியை அளப்பதில்லை. உண்மையில் அவ்வீதியும் அத்துறையின் ஓர் உறுப்பேயாகும். குழி சிறிதாயினும் வழி நெடிது.

வீதி யாருடையது?

நம் நாட்டு வீதிகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்து, சிலாபத்திற்கு வடக்கே தெதுரு ஓயாவைப் பாலத்தால் கடந்து செல்லும் பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது. கனரக வாகனங்களைக் கருத்திற்கொண்டு தடித்த அடித்தளத்துடன் அமைக்கப்படும் வகையைச் சார்ந்தது அது. அடுத்த தரத்து வீதிகள் மாகாண நிருவாகத்தைச் சேர்ந்தவை. ஆற்றங்கரைக்கு இட்டுச் செல்லும் சிறு வீதிகளோ பெரும்பாலும் பிரதேச சபைகளின் பராமரிப்பில் உள்ளவை. கிறவல் பரப்பி, மேலே மெல்லியதாகத் தார் பூசப்பட்ட இவை, துவிச்சக்கர வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் சிறிய வாகனங்களுக்கும் என எண்ணி அமைக்கப்பட்டவை. அகழ்வோர் செலுத்தும் உரிமைக் கட்டணத்தைத் தலைநகரிலுள்ள பணியகம் அறவிடுகின்றது. உடைந்த வீதியைச் செப்பனிடும் செலவோ வருவாய் குன்றிய ஊராட்சியின் கணக்கில் எழுதப்படுகின்றது. நன்மை ஓரிடத்தும் நட்டம் பிறிதோரிடத்தும் போய்ச் சேரும் இவ்வேற்பாட்டில், நட்டத்தை அளந்து பார்க்கும் ஆர்வம் முதலாமவருக்கு எழுவதில்லை. அளப்பதற்கான வசதி இரண்டாமவருக்கு இருப்பதில்லை.

பொதுவீதி என்பது எத்தகைய உடைமை என்பதை நம் வரலாறே உணர்த்துகின்றது. 1848இல் தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் ஆட்சியில் கொண்டுவரப்பட்ட வீதிக் கட்டளைச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆடவனும் ஆண்டிற்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்வாண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கலகத்திற்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று. தோட்டத்துரைமாரின் கோப்பி மூட்டைகள் செல்வதற்கு நாம் ஏன் கல் உடைக்க வேண்டும் என்று குடியானவர்கள் வினவினர். அவ்வினாவின் நியாயம் இன்றும் தேயவில்லை. அன்று உடலுழைப்பாகக் கொடுத்ததை இன்று வரியாகக் கொடுக்கின்றோம். எல்லோரும் சேர்ந்து இட்ட வீதியைச் சிலர் தம் தொழிலுக்காகத் தேய்க்கும்போது, தேய்மானம் எவ்வளவு என்று கேட்பது பகைமையாகாது. கூட்டுச் சொத்தின் கணக்கைக் கேட்கும் சாதாரண உரிமையே அது.

ஒரு லொறியும் தொண்ணூறாயிரம் கார்களும்

வீதியைத் தேய்ப்பது யார் என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. பல்வேறு தடிப்புகளில் வீதித் துண்டுகளை வளையங்களாக அமைத்து, வெவ்வேறு பாரமேற்றிய லொறிகளை இராணுவச் சாரதிகளைக் கொண்டு இரவு பகலாக அவற்றின்மேல் ஓட்டினர். பாரமேற்றிய அச்சுகள் 11 இலட்சத்திற்கும் அதிகமான தடவைகள் அவ்வளையங்களைக் கடந்தன. வீதி எப்போது வெடித்தது, எப்போது குழிந்தது என்பதை அளந்து குறித்தனர். அதிலிருந்து பெறப்பட்ட அண்ணளவான விதி இன்றும் உலகெங்கும் வீதிப் பொறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்குகின்றது. அச்சொன்றின் மேலுள்ள பாரம் இரு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் இரு மடங்காவதில்லை. இரண்டை நான்கு முறை பெருக்கியதற்குச் சமமாக, பதினாறு மடங்காகின்றது. இதனை நான்காம் அடுக்கு விதி என்பர். ஒப்பிடுவதற்கு வசதியாக 8.2 தொன் பாரமுள்ள அச்சு ஒன்றை நியம அச்சு எனக் கொள்வர்.

இவ்விதியை நம் மணல் லொறிக்குப் பொருத்திப் பார்ப்போம். நம் நாட்டில் மணலைக் கியூப் கணக்கில் விற்பர். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலாயின் அது ஏறக்குறைய நாலரைத் தொன் நிறையுடையது. ஆற்றிலிருந்து அள்ளியவுடன் நீர் சொட்டச் சொட்ட ஏற்றினால் ஐந்தரைத் தொன் அளவில் இருக்கும். இரண்டு கியூப் ஈர மணலின் நிறை 11 தொன். வெறும் லொறியின் நிறை 5 தொன் எனக் கொண்டால், மொத்தம் 16 தொன். முன்னச்சில் 6 தொன்னும் பின்னச்சில் 10 தொன்னும் அமர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்காம் அடுக்கு விதிப்படி இந்த லொறி ஒருமுறை செல்வது, நியம அச்சுகள் இரண்டரை கடந்து செல்வதற்கு ஒப்பாகும். அச்சொன்றில் அரைத் தொன் பாரமுள்ள சிறு காரை அதே விதியால் அளந்தால், அந்த லொறி ஒருமுறை செய்யும் சேதத்தைச் செய்ய ஏறக்குறைய 90,000 கார்கள் அவ்வழியே போக வேண்டியிருக்கும். வீதியில் கார்களும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்து செல்வதைக் கண்டு, எல்லோருந்தானே வீதியைத் தேய்க்கின்றனர் என்று எண்ணுவது கண்ணின் மயக்கமே.

இனி, பேராசையினால் விளையும் வேறுபாட்டைக் காண்போம். அதே லொறியில் பக்கப்பலகையை உயர்த்தி மேலும் அரைக் கியூப் ஏற்றினால், மணல் நான்கிலொரு பங்கு கூடுகின்றது. சேதமோ ஐந்து நியம அச்சுகளாகி இரு மடங்காகின்றது. மாறாக ஒன்றரைக் கியூப் மட்டும் ஏற்றினால் சேதம் ஒரு நியம அச்சைச் சற்றே மிஞ்சுவதோடு நின்றுவிடும். நாளொன்றுக்கு 30 கியூப் மணல் அனுப்பும் ஒரு சிறு துறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒன்றரைக் கியூப் வீதம் 20 லொறிகளில் அனுப்பினால் வீதி தாங்க வேண்டியது 22 நியம அச்சுகள். இரண்டு கியூப் வீதம் 15 லொறிகளில் அனுப்பினால் 37 அல்லது 38. இரண்டரைக் கியூப் வீதம் 12 லொறிகளில் அனுப்பினால் 60. மணல் அதேயளவு; லொறிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகின்றது; சேதம் ஏறக்குறைய மூன்று மடங்காக ஏறுகின்றது. லொறிகளின் தொகையை மட்டும் எண்ணிப் பார்க்கும் மேற்பார்வையாளர், மூன்றாம் முறையையே நன்றென்று மெச்சிச் செல்வார்!

ஆகவே, லொறிகளின் எண்ணிக்கையைவிட அச்சின் பாரமே முதலில் அளக்கப்பட வேண்டியது. எடைமேடை ஒன்றில் சில நாட்கள் நிறுத்துப் பார்த்தால் போதும். எஞ்சியதைப் பள்ளிக் கணிதம் சொல்லிவிடும்.

நீரும் ஓரமும் பாலமும்

பாரத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை. ஈர மணலிலிருந்து வழியெங்கும் நீர் ஒழுகுகின்றது. தார்ப்பூச்சின் மெல்லிய வெடிப்புகளினூடே அந்நீர் உட்புகுந்து கிறவலைக் களியாக்குகின்றது. இளகிய அடித்தளத்தின் மேல் அடுத்த லொறி ஏறும்போது மேற்பரப்பு பள்ளமாகின்றது. பள்ளத்தில் மழைநீர் தேங்குகின்றது. தேங்கிய நீர் மேலும் ஊறுகின்றது. வீதியின் மரணம் பெரும்பாலும் இவ்வாறு நீரின் வழியாகவே நேர்கின்றது. அகழ்ந்த மணலை ஒருநாள் கரையில் குவித்து வடியவிட்டால், இரண்டு கியூபில் ஏறக்குறைய இரண்டு தொன் வரை வீண் நீர்ச்சுமை நீங்கக்கூடும். செலவில்லாத இம்மருந்தைக் கையாளாமல் விடுவதற்கு அவசரம் ஒன்றே காரணம்.

கிராம வீதி ஒடுங்கியது. எதிரும் புதிருமாக இரு லொறிகள் சந்திக்கும்போது ஒன்று ஓரத்தில் இறங்க வேண்டும். தாங்குதல் இல்லாத தார் விளிம்பு அதனால் ஒடிகின்றது. வடிகால் மண்ணால் தூர்கின்றது. மாட்டு வண்டிக் காலத்தில் கட்டிய சிறு மதகுகள் நசுங்குகின்றன. வெயிற் காலத்தில் எழும் தூசி வீட்டு முற்றங்களிலும் மூச்சிலும் படிகின்றது. காலை ஏழு மணியளவில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்லும் வேளையும், முதற் சுமை புறப்படும் வேளையும் ஒன்றாக அமைந்துவிட்டால், நடக்க ஓரமில்லாத வீதியில் அபாயம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. மதிப்பீடு என்னும்போது இவையனைத்தும் கணக்கில் வர வேண்டும்.

இன்னும் ஒன்றுண்டு. வீதி ஆற்றைக் கடக்கும் இடத்தில், மேலே செல்லும் லொறி மட்டுமன்றிக் கீழே எடுக்கப்படும் மணலும் அதைத் தாக்குகின்றது. ஆற்றுப் படுகையில் பெருங்குழி தோண்டினால், ஓடும் நீர் அக்குழியை நிரப்புவதற்காக மேலும் கீழும் உள்ள மணலை அரித்து எடுக்கின்றது. படுகை தாழ்கின்றது, பாலத் தூண்களின் அடி வெளிப்படுகின்றது. போர்த்துக்கல் நாட்டின் டூரோ ஆற்றிலிருந்த ஹின்ற்ஸ் றிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4ஆம் நாள் இரவு இடிந்தது. பேருந்தொன்றும் கார்களும் வெள்ளத்தில் விழ, 59 பேர் மாண்டனர். பல்லாண்டு மணல் அகழ்வினால் படுகை தாழ்ந்ததும், அவ்வாண்டுப் பெருவெள்ளமும் சேர்ந்து தூணின் அடியைப் பறித்தன எனக் கண்டனர். பொது வேலைகளுக்குப் பொறுப்பான அமைச்சர் பதவி துறந்தார். தமிழகத்தில், திருச்சிராப்பள்ளிக்கு அருகே 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. போக்குவரத்து முன்னரே நிறுத்தப்பட்டிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அளவின்றி மணல் அள்ளியதே அதற்குக் காரணம் என்று அவ்வூர் மக்கள் குறை கூறினர். சிலாபத்திற்கு வடக்கே தெதுரு ஓயாவின் மேல் பெருந்தெருப் பாலமும் புகைவண்டிப் பாலமும் நிற்பதை நாம் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பாலத்தின் அயலில் படுகை மட்டத்தை ஆண்டுதோறும் அளந்து குறிப்பது பெருஞ் செலவான காரியமன்று.

அளக்கும் முறை

அவ்வாறாயின் ஒரு சிறு துறையின் தாக்கத்தை மதிப்பிடுவது எங்ஙனம்? முதல் விதி, அகழ்வு தொடங்குமுன் அளக்க வேண்டும் என்பது. வீதி உடைந்த பின்னர் அது முன்பு எப்படி இருந்தது என்று விவாதிப்பதில் பயனில்லை. துறையின் வாயிலிலிருந்து பெருந்தெரு வரை, நூறு மீற்றருக்கு ஒருமுறை வீதியின் அகலம், வெடிப்பு, பள்ளம், ஓரம், வடிகால், மதகு ஆகியவற்றைப் படத்துடன் பதிவுசெய்து, துறையின் உரிமையாளரும் பிரதேச சபையும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, வீதியின் வலிமையை அறிதல். இதற்கு விலையுயர்ந்த பொறிகள் தேவையில்லை. 8 கிலோ நிறையுள்ள சம்மட்டியை 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிட்டு, அதன் கீழுள்ள கூம்பு முனைக் கம்பி அடிக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகின்றது என்று பார்க்கும் கருவி ஒன்றுண்டு. இருவர் சுமந்து செல்லக்கூடியது. அமெரிக்கப் பொறியியலாளர் பெங்கெல்மன் 1950களில் வகுத்த நீண்ட தண்டு மற்றொன்று. பாரமேற்றிய லொறியின் இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் அதன் நுனியை வைத்து, லொறி நகரும்போது தார்ப்பரப்பு எவ்வளவு மீண்டெழுகின்றது என்பதை அது காட்டும். அமுங்குதல் அதிகமாயின் வீதி மெலிந்தது எனப் பொருள்.

மூன்றாவது, போக்குவரத்தை எண்ணுதல். ஒரு வாரம் முழுவதும், சந்தை நாளையும் விடுமுறை நாளையும் உள்ளடக்கி, எவ்வகை வாகனம் எத்தனை என்று குறிக்க வேண்டும். முன்னேஸ்வரம் போன்ற தலத்தில் திருவிழாக் காலத்துக் கணக்கைத் தனியே எடுத்தல் அவசியம். அடியார்களைச் சுமந்து வரும் பேருந்துகளும் கனமானவையே. அவற்றின் பங்கை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் மணல் லொறியின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. தேங்காய் லொறி, செங்கல் லொறி, இறால் பண்ணைக்குச் செல்லும் வாகனம் ஆகிய ஒவ்வொன்றையும் நியம அச்சாக மாற்றிக் கூட்டினால், மணல் துறையின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பது தானே வெளிப்படும். அப்பங்குக்கு மட்டுமே அத்துறை பொறுப்பாளி.

நான்காவது, அக்கம்பக்கத்துத் துறைகள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டுதல். இதுவே மிக முக்கியமானது. பெரும்பாலும் மறக்கப்படுவதும் இதுவே. நாம் கண்ட எடுத்துக்காட்டுத் துறையைப் போன்று ஐந்து துறைகள் ஒரே வீதிக்குள் இறங்கினால், நாளொன்றுக்கு 75 லொறிகள். பத்து மணி நேர வேலைநாளில், போகும் வண்டியும் வெறுமையாய்த் திரும்பும் வண்டியுமாக நான்கு நிமிடத்திற்கு ஒன்று கடந்து செல்லும். தனித்தனியே பார்த்தால் ஐந்தும் சிறியவை. வீதிக்கோ அவை ஒரே சுரங்கம். இவ்வுண்மையை இந்திய உச்ச நீதிமன்றம் 2012 பெப்ரவரி 27ஆம் நாள் தீபக் குமார் வழக்கில் தெளிவாக ஏற்றுக்கொண்டது. பெரிய அகழ்விடங்களைச் சிறு துண்டுகளாக்கிச் சட்டத்தின் பார்வையிலிருந்து தப்பும் வழக்கத்தைக் கண்ட அந்நீதிமன்றம், 5 ஹெக்டேயருக்குக் குறைந்த குத்தகைகளுக்கும் சுற்றாடல் அனுமதி வேண்டும் என ஆணையிட்டது.

இறுதியாக, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதே இடங்களை மீண்டும் அளந்து முந்தைய பதிவுடன் ஒப்பிட வேண்டும். அப்போதுதான் மதிப்பீடு கடிதக் கோப்பில் உறங்காமல் உயிருடன் இருக்கும்.

கணக்கும் கடமையும்

அளந்தபின் யாரிடம் கேட்பது? இங்கிலாந்தில் இவ்வினாவுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே விடை கண்டனர். நீராவி இயந்திரங்கள் நாட்டுப்புற வீதிகளை நசுக்கத் தொடங்கிய காலத்தில், 1878ஆம் ஆண்டின் சட்டமொன்று, அசாதாரணமான போக்குவரத்தினாலோ மிதமிஞ்சிய பாரத்தினாலோ ஏற்பட்ட மேலதிகச் செலவை அதற்குக் காரணமானவரிடமிருந்து அறவிட வழி வகுத்தது. அக்கோட்பாடே 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவாக அங்கு நிலைத்துள்ளது. வழக்கமான பயன்பாட்டினால் வரும் தேய்மானம் ஊராரைச் சாரும்; அதற்கு மேற்பட்டது அதைச் செய்தவரைச் சாரும். எளியதும் நேரியதுமான நியாயம் இது.

நம் நாட்டில் குழியையும் வீதியையும் இணைக்கும் ஒரே சான்று, மணல் ஏற்றிச் செல்லும் வாகனத்திற்கு வழங்கப்படும் கொண்டுசெல்லல் அனுமதிப்பத்திரமாகும். எந்தத் துறையிலிருந்து, எவ்வளவு மணல், எந்த வண்டியில் சென்றது என்பதை அறிய அது உதவுகின்றது. 2019 டிசம்பரில் அவ்வனுமதிப்பத்திரம் தேவையில்லை என அமைச்சரவை தீர்மானித்ததும், அதற்கு எதிர்ப்புக் கிளம்பி வழக்கு நீதிமன்றம் வரை சென்றதும் யாவரும் அறிந்ததே. அலுவலகங்களில் நேரும் தாமதமும் கையூட்டும் மக்களுக்குச் சலிப்பூட்டுவது உண்மைதான். ஆயினும் நோயாளியின் குறிப்பேட்டை எரித்துவிட்டால் நோய் நீங்கிவிடாது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அனுமதிப்பத்திரத்திலேயே லொறி செல்ல வேண்டிய வழியும், செல்லத் தகாத நேரமும், ஏற்றக்கூடிய உச்ச அளவும் எழுதப்படல் வேண்டும். மணலை வடியவிட்ட பின்னரே ஏற்றுதல் வேண்டும். வீதிப் பங்கிற்கு ஒரு வைப்புத்தொகை பிரதேச சபையிடம் ஒப்படைக்கப்பட்டு, ஆறுமாத அளவையின் பின் தேய்மானத்தைக் கழித்து எஞ்சியது திருப்பிக் கொடுக்கப்படலாம். உரிமைக் கட்டணத்தில் ஒரு பகுதி வீதி கிடக்கும் ஊருக்கே திரும்பி வரவேண்டும். துறையின் பெயரையும் அனுமதித்த அளவையும் எல்லோரும் காணும்படி துறை வாயிலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அப்போது ஊரவர் ஒவ்வொருவரும் கணக்கர் ஆவர்.

இவற்றால் மணலின் விலை சற்று உயரும் என்பது உண்மை. ஆனால் அவ்விலை இன்றும் கொடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றது. கொழும்பில் மாடிவீடு கட்டுபவர் கொடுக்க வேண்டியதை, ஆற்றங்கரைக் கிராமத்தவர் உடைந்த வண்டிச் சில்லாகவும், பிந்திவரும் மருத்துவ வண்டியாகவும், தூசி படிந்த மார்புச் சளியாகவும் கொடுத்து வருகின்றனர். மணலை வாங்குபவரே அதன் முழு விலையையும் கொடுக்கட்டும் என்பதே நம் கோரிக்கை. ஒழுங்காக ஏற்றும் துறைக்காரர், இரண்டரைக் கியூப் ஏற்றும் போட்டியாளரிடம் தோற்றுப்போகாதிருக்கவும் இதுவே வழி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு லொறிக்குப் பதில் இருபது லொறி நிரப்பினாலும் அள்ளும் மணல் அதேயளவாகையால், கூலியாளுக்கு இதனால் வேலை குறையப் போவதுமில்லை.

ஆறு நாள் வீதி வேலைக்கு அஞ்சி மூன்று சிலிங் கட்டிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் கேட்ட வினாவுக்கு அன்று துப்பாக்கியே விடையளித்தது. இன்று வாக்கும் சட்டமும் கணிதமும் நம் கையில் உள்ளன. அடுத்த அனுமதிப்பத்திரத்தில் கையொப்பம் விழுமுன், ஒரு நாடாவும் ஒரு சம்மட்டியும் ஒரு குறிப்பேடும் கொண்டு அந்த மூன்று மைல் வீதியை ஒருமுறை நடந்து அளக்கச் சொல்லிப் பிரதேச சபை உறுப்பினரை வற்புறுத்துவது ஒவ்வோர் ஊரவரின் கடமையாகும்.